அனர்த்த வேளையில் யார் பொறுப்பு? லண்டன் மாநகரின் ஒரு வரலாற்றுப் பாடம்

லண்டன் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்புத் தீ பற்றி ஆராய்ந்த விசாரணைக்குழு 2024 செப்டெம்பர் 4 ஆம் திகதி தனது இரண்டாவதும் இறுதியுமான அறிக்கையை வெளியிட்டது. 2017 ஜூன் 14 அதிகாலையில் மூண்ட அத்தீ 72 பேரைப் பலிகொண்டது. கட்டடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்த எளிதில் தீப்பற்றும் தகடுகள், அவற்றைத் தயாரித்து விற்ற நிறுவனங்கள், எச்சரிக்கைகளைக் கவனியாதிருந்த அரசாங்கங்கள் ஆகியவை பற்றியே பத்திரிகைகள் பெரும்பாலும் எழுதின. அது நியாயமானதே. ஆனால், ஏழு தொகுதிகள் கொண்ட அவ்வறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. தீயிலிருந்து தப்பியவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் முதல் ஏழு நாட்களில் என்ன நேர்ந்தது என்பதை அப்பகுதி ஆராய்கிறது.

அதை வாசிப்பவர்களுக்கு 1940 ஆம் ஆண்டு நினைவுக்கு வராமல் போகாது. இரண்டு சம்பவங்களுக்கும் இடையே 77 ஆண்டுகள் சென்றிருந்தன. ஆனால் எழுந்த கேள்வி ஒன்றே. ஒரு பெருநகரின் ஒரு மூலையில் பேரழிவு நேர்ந்து, அந்த மூலையை நிர்வகிக்கும் உள்ளூராட்சி சபை நிலைகுலைந்து போனால், பாதிக்கப்பட்ட மக்களைப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

லண்டனை நாம் ஒரு நகரம் என்கிறோம். நிர்வாகக் கண்கொண்டு பார்த்தால் அது 33 நகரங்கள். 'பரோ' எனப்படும் 32 உள்ளூராட்சிப் பிரிவுகளும், 'சிட்டி' எனப்படும் பழைய வணிக நகரமும் சேர்ந்ததே இன்றைய பெரு லண்டன். ஒவ்வொன்றுக்கும் தெரிவு செய்யப்பட்ட தனிச்சபை, தனிப் பிரதம நிறைவேற்று அதிகாரி, தனி வரவு செலவுத்திட்டம் உண்டு. தீயணைப்புப் படை ஒன்று. அம்புலன்ஸ் சேவை ஒன்று. பொலிஸ், சிட்டியை விடுத்தால், ஒன்று. ஆனால் வீடிழந்தவருக்குக் கூரையும் உணவும் தேடிக் கொடுக்கும் கடமை அந்தந்த பரோ சபையையே சார்ந்தது. இந்த வேறுபாடு எவ்வாறு உண்டானது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

தீயணைப்பு ஒன்றிணைந்த வரலாறு

1666 செப்டெம்பர் 2 ஆம் திகதி பேக்கரி ஒன்றிலிருந்து பரவிய பெருந்தீயின்போது லண்டனில் அதிகாரம் பிளவுபட்டே கிடந்தது. நகரபிதா தோமஸ் பிளட்வேர்த், தீயின் பாதையிலிருந்த வீடுகளை இடித்துத் தள்ள ஆரம்பத்தில் தயங்கினார். உரிமையாளரின் சம்மதமின்றி இடித்தால் நட்டஈடு யார் கொடுப்பது என்பதே அவரது அச்சம். நிலைமையைக் கண்ட சாமுவேல் பீப்ஸ் என்னும் அதிகாரி அரண்மனைக்குச் சென்று மன்னருக்கு அறிவித்த பின்னரே, வீடுகளை இடிக்குமாறு மன்னரின் கட்டளை வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 13,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

அதன் பின்னர் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் லண்டனின் தீயணைப்புப் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனிகளின் கையிலேயே இருந்தது. 1833இல் அவை தம்முடைய படைகளை ஒன்றாக்கின. 1861 ஜூனில் தேம்ஸ் நதிக்கரையின் ரூலி வீதிப் பண்டசாலைகள் எரிந்தபோது, அப்படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவர் இடிந்து விழுந்து மாண்டார். நட்டத்தைக் கண்டு மலைத்த கம்பனிகள், இனி இந்தச் சுமையைத் தாங்க இயலாதென அரசாங்கத்திடம் கூறின. அதன் விளைவாக 1865இல் சட்டம் இயற்றப்பட்டு, 1866இல் மாநகரம் முழுவதற்குமான பொதுத் தீயணைப்புப் படை உருவாயிற்று.

பண்டசாலை எரிந்தால் முதலாளிக்கு நட்டம். தீ ஒரு சபையின் எல்லையைத் தாண்டி அடுத்த சபைக்குப் பாயும் என்பதும் எவருக்கும் தெரியும். ஆகவே தீயணைப்பை ஒன்றிணைக்கும் தேவையை எல்லோரும் உணர்ந்தனர். வீடிழந்தவரின் நிலை அப்படியன்று. அவர் பழைய வறியோர் சட்டத்தின் கீழ் 'உதவி பெறும் ஏழை' ஆனார். ஒவ்வொரு ஊரும் தன் ஏழையைத் தானே பராமரிக்கவேண்டும். அடுத்த ஊரின் ஏழையைத் தன் சோலைவரிப் பணத்தில் பராமரிக்க எந்த ஊரும் விரும்புவதில்லை. இந்த மனப்பாங்குடனேயே லண்டன் 1940 ஆம் ஆண்டுக்குள் நுழைந்தது.

இறந்தவர்களுக்காகத் திட்டமிட்டவர்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானிய அதிகாரிகள் அனர்த்தத்துக்குத் திட்டமிடவில்லை என்று கூறுவது தவறு. 1937 ஆம் ஆண்டின் சட்டம் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைத் திட்டங்களை வகுக்கும் கடமையை உள்ளூராட்சி சபைகள் மீது சுமத்தியது. போர் மூண்டபோது லண்டன் தற்காப்புப் பிராந்தியம் என்ற அமைப்பு உருவாகியிருந்தது. அதன் எல்லைக்குள் 95 உள்ளூராட்சி சபைகள் இருந்தன. அவற்றின் மேலே பிராந்திய ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். தென் கென்சிங்டனில் உள்ள புவிச்சரிதவியல் அரும்பொருளகம் அவர்களுடைய தலைமையகமாயிற்று. மத்திய அரசாங்கத்துடனான தொடர்பு முற்றாக அறுந்தால் அரசாங்கத்தின் அதிகாரம் முழுவதையும் அவர்கள் ஏற்கலாம். அவ்வாறு அறுந்து போகாதவரை அவர்கள் இணைப்பாளர்கள் மட்டுமே. தொடர்பு ஒருபோதும் அறுந்து போகவில்லை. ஆதலால் அந்த முழு அதிகாரமும் ஒருபோதும் பயன்படவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. போர் தொடங்கினால் 60 நாட்களில் ஆறு இலட்சம் பேர் மாள்வர், பன்னிரண்டு இலட்சம் பேர் காயமடைவர் என்று போருக்கு முந்திய உத்தியோகபூர்வ மதிப்பீடு ஒன்று கூறியது. எனவே வைத்தியசாலைப் படுக்கைகளும் பிணவறைகளும் தயாராயின. மக்கள் பீதியடைந்து ஓடுவர் என்று எதிர்பார்த்துப் பொலிஸாரும் ஆயத்தமாயினர். உண்மையில் நடந்தது வேறு. மாண்டவர் தொகை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. வீடிழந்தவர் தொகையோ எவரும் கணக்கிடாதது. 1941 மே மாதத்துக்குள் லண்டன் பிராந்தியத்தில் சுமார் 14 இலட்சம் பேர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர், ஏதோ ஒரு கட்டத்தில் வீடிழந்திருந்தனர். இறந்தவர்களுக்காகத் திட்டமிட்டிருந்த நகரத்தில் உயிர் தப்பியவர்களுக்குத் திட்டம் இருக்கவில்லை.

1940 செப்டெம்பர் 7 ஆம் திகதி பெருந்தாக்குதல் தொடங்கியது. அதன் பின்னர் 57 இரவுகள் தொடர்ந்து குண்டுகள் வீழ்ந்தன. லண்டன் கவுண்டி சபையின் எல்லைக்குள் வீடிழந்தவருக்கான தங்குமிடங்களை நடத்துவது கவுண்டி சபையின் வறியோர் உதவிப் பகுதியின் வேலை. அவர்களுக்கு வேறு வீடு தேடுவது அந்தந்த பரோ சபையின் வேலை. மேற்பார்வை சுகாதார அமைச்சுக்கு உரியது. மக்கள் சில மணி நேரமே தங்குவர் என்ற கணிப்பில் தங்குமிடங்களில் பாணும் தேநீரும் தகரத்தில் அடைத்த இறைச்சியும் மட்டும் வைக்கப்பட்டிருந்தன. போர்வைகள் போதவில்லை. மலசலகூடங்கள் போதவில்லை. வசதி கூடினால் மக்கள் எழுந்து போகமாட்டார்கள் என்ற பழைய எண்ணமும் அதற்கொரு காரணம். செப்டெம்பர் மாத இறுதியில் கவுண்டி எல்லைக்குள் மாத்திரம் சுமார் 25,000 பேர் இத்தகைய தங்குமிடங்களில் முடங்கிக் கிடந்தனர். தங்குமிடம் தந்த சபை வீடு தர இயலாது. வீடு தரவேண்டிய சபைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாது.

ஒரு பாடசாலை

கவுண்டி எல்லைக்குக் கிழக்கே, தொழிலாளர் நிறைந்த வறிய நகரமான வெஸ்ட் ஹாம் தனித்த சபையாக இயங்கியது. அதன் கனிங் ரவுண் பகுதியில் தென் ஹோல்ஸ்வில் பாடசாலை இருந்தது. முதல் நாள் தாக்குதலில் வீடிழந்த பல குடும்பங்கள் அங்கு தங்கவைக்கப்பட்டன. பஸ் வண்டிகள் வந்து பாதுகாப்பான இடத்துக்கு ஏற்றிச் செல்லும் என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. அவர்கள் காத்திருந்தனர். பஸ்கள் வரவில்லை. கனிங் ரவுணுக்கு வரவேண்டிய பஸ்கள் பெயர்க் குழப்பத்தினால் வடக்கே கம்டன் ரவுணுக்குச் சென்றுவிட்டன என்று அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர். செப்டெம்பர் 10 ஆம் திகதி அதிகாலை அப்பாடசாலை மீது குண்டு வீழ்ந்தது. உத்தியோகபூர்வக் கணக்கின்படி மாண்டவர்கள் 77 பேர். பல நூறு பேர் என்பதே ஊராரின் நம்பிக்கை.

ரிச்சி கால்டர் என்ற பத்திரிகையாளர் இச்சம்பவத்தை விடாது எழுதினார். குண்டுகளுக்கிடையே கிழக்கு லண்டனைச் சுற்றி வந்த அவர், பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்று பங்கீட்டு அட்டைக்கு ஓரிடம், அடையாள அட்டைக்கு வேறிடம், உடைக்கு இன்னோரிடம், பணத்துக்கு மற்றோரிடம் என அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்ததைக் கண்டு எழுதினார். உண்மையில் அந்த மக்களைக் கொன்றது குண்டு. ஆனால் மூன்று இரவுகள் அவர்களை அங்கு வைத்திருந்தது எல்லைகளால் பிளவுண்ட நிர்வாகம். இப்படியான உண்மையைப் போர்க்காலத்தில் எழுதுவதற்குத் துணிவு வேண்டும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவர்.

இப்பாடசாலை நின்ற இடம் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு ஒரு தகவல். 1965இல் வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் இணைந்தே நியூஹாம் பரோ உருவானது. தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த இன்றைய ஈஸ்ட் ஹாம் அதே பரோவில்தான் இருக்கிறது. பாடசாலை மண்டபத்தில் படுத்து, வருமென்று சொல்லப்பட்ட வாகனத்துக்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதை 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கும், 2004 டிசெம்பர் கடல்கோளின் பின் பாடசாலைகளில் தங்கியவர்களுக்கும் விளக்கவேண்டியதில்லை.

ஒரு மனிதரின் கையில்

அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1940 செப்டெம்பர் இறுதியில் ஹென்றி வில்லிங்க் என்ற பாராளுமன்ற உறுப்பினர், லண்டன் பிராந்தியம் முழுவதிலும் வீடிழந்தோருக்கான விசேட ஆணையாளராக நியமிக்கப்பட்டார். சட்டத்தரணியான அவர் சபைகளைக் கலைக்கவில்லை. அவற்றின் வேலைகளைத் தன் அலுவலகத்துக்கு மாற்றவுமில்லை. எந்தச் சபையின் எல்லையில் எத்தனை காலி வீடுகள் உள்ளன, எங்கே எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதை ஓரிடத்தில் திரட்டுவதே அவர் செய்த முக்கிய காரியம். தங்குமிடங்களுக்குப் பயிற்சி பெற்ற சமூக சேவையாளர்கள் அனுப்பப்பட்டனர். பல அலுவலகங்களின் வேலைகள் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. கவுண்டி சபையும் பொதுமக்களுக்கான உணவுச் சேவையைத் தொடங்கியது. செலவின் பெரும் பங்கை மத்திய அரசாங்கம் ஏற்றதும், 'யாருடைய ஏழை' என்ற வாக்குவாதம் தணிந்தது.

சம்பவ இடத்திலும் இதே பாடமே கற்கப்பட்டது. குண்டு வீழ்ந்த வீதிக்குப் பொலிஸார், மீட்புப் படையினர், தீயணைப்போர், அம்புலன்ஸ், எரிவாயுப் பகுதியினர் ஆகிய அனைவரும் விரைந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் மேலதிகாரியின் சொல்லையே கேட்டனர். ஆகவே 'சம்பவ அதிகாரி' என ஒருவர் நியமிக்கப்படலானார். இருளிலும் புகையிலும் அவரை அடையாளம் காண அவரது தலைக்கவசத்துக்கு நீலத்துணி உறை போடப்பட்டது. பின்னர், உறவினரைத் தேடி வருவோருக்குப் பதில் சொல்வதற்கென்றே சம்பவ இடத்தருகே விசாரணை மேசை ஒன்றும் வைக்கப்பட்டது.

தீயணைப்போ ஒரேயடியாகத் தேசிய மயமாயிற்று. போருக்கு முன்னர் நாடெங்கும் 1,400க்கும் மேற்பட்ட தனித்தனிப் படைகள் இருந்தன. உதவிக்கு வந்த படையின் நீர்க்குழாய் உள்ளூர்க் குழாயுடன் பொருந்தாத சம்பவங்களும் உண்டு. லண்டன் கவுண்டி சபையின் முன்னாள் தலைவரும் அப்போதைய உள்துறை அமைச்சருமான ஹேர்பர்ட் மொறிசன் 1941 ஆகஸ்டில் அவையனைத்தையும் தேசிய தீயணைப்புச் சேவையாக்கினார். தீயணைப்பை ஒன்றிணைப்பதற்குச் சட்டம் வந்தது. வீடிழந்தோர் பராமரிப்பை ஒன்றிணைத்ததோ ஒரு தனிமனிதரின் போர்க்கால நியமனம். போர் முடிந்ததும் அப்பதவியும் முடிந்தது.

மறதியின் ஆண்டுகள்

போருக்குப் பின்னர் அணுகுண்டு பயமே சிவில் தற்காப்பை இயக்கியது. 1968இல் தொண்டர் படை கலைக்கப்பட்டது. 1965இல் உருவான பெரு லண்டன் சபை 1986இல் மார்கரெட் தட்சர் அரசாங்கத்தினால் ஒழிக்கப்பட்டது. அப்போதும் தீயணைப்புக்கென லண்டன் முழுவதற்குமான ஓர் அதிகாரசபை எஞ்சியது. வீடமைப்பும் சமூகநலமும் பரோக்களிடம் இருந்தன. பரோக்களுக்கு மேலே தெரிவு செய்யப்பட்ட மாநகர ஆட்சி 2000 வரை இல்லை.

அக்காலத்தில் பொலிஸாரும் தீயணைப்போரும் அம்புலன்ஸ் சேவையினரும் ஒத்துழைப்பில் முன்னேறினர். அவர்களது கூட்டுக்குழு 1973இல் அமைந்தது. 1985இல் வடக்கு லண்டனின் புரோட்வோட்டர் ஃபாம் கலவரத்தின் பின் பொலிஸார் வகுத்த 'தங்கம், வெள்ளி, வெண்கலம்' என்ற மூன்றடுக்குக் கட்டளை முறை நாடெங்கும் பரவியது. தங்கம் என்பது என்ன செய்யவேண்டும் என்று தீர்மானிப்பவர். வெள்ளி, எப்படிச் செய்வது என்று வகுப்பவர். வெண்கலம், களத்தில் நின்று செய்பவர்.

2001 செப்டெம்பர் 11 நியூயோர்க் தாக்குதலின் பின்னரே பரோக்களும் இம்முறைக்குள் வந்தன. சபைகளின் பிரதம நிறைவேற்று அதிகாரிகளில் ஒருவர் முறைவைத்து 33 சபைகளின் சார்பிலும் 'தங்கமாக' அமர்வார் என்று உடன்பாடு காணப்பட்டது. 2004இல் சிவில் அவசரநிலைச் சட்டம் வந்தது.

2005 ஜூலை 7 ஆம் திகதி காலை மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து 52 பயணிகள் கொல்லப்பட்டபோது இவ்வேற்பாடு சோதனைக்குள்ளானது. மீட்புப் பணி பெரிதும் பாராட்டப்பட்டது. எனினும் லண்டன் சட்டமன்றக் குழு 2006 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, திட்டங்கள் சம்பவத்தை மையமாகக் கொண்டிருந்தனவேயன்றித் தனிமனிதர்களை அல்ல என்று சுட்டிக்காட்டியது. தூசியும் இரத்தமும் படிந்த நிலையில் சுரங்கத்திலிருந்து வெளியேறிய பலர், பெயர் விபரம்கூடப் பதியப்படாமல் வீதியில் நடந்து மறைந்தனர். கூட்டுக் கட்டளைக் குழு வேண்டாமென்று தீர்மானித்திருந்தும், சிட்டி பொலிஸார் ஓல்ட்கேற் பகுதியில் கைத்தொலைபேசி வலையமைப்பு ஒன்றைப் பொதுமக்களுக்குச் சில மணி நேரம் மூடச் செய்தனர். 'குடும்ப உதவி நிலையம்' திறக்கப்பட்டது. அது மாண்டவர்களின் குடும்பத்தினருக்கு மட்டுமே என்றெண்ணி உயிர் தப்பியோர் பலர் அங்கு செல்லவில்லை. பின்னர் அதன் பெயர் மாற்றப்பட்டது.

செல்வம் மிக்க பரோவில்

1940இல் வெஸ்ட் ஹாம் வறிய நகரம். 2017இல் கென்சிங்டன், செல்சி பரோ பிரித்தானியாவின் மிகச் செல்வமிக்க பகுதிகளுள் ஒன்று. ஆகவே பணமின்மையைக் காரணம் காட்ட இயலாது. பயிற்சி பெற்ற அலுவலர்கள் போதாமை, எழுதிய திட்டம் நடைமுறைக்கு வராமை, மக்களுக்குத் தகவல் சொல்ல ஒழுங்கின்மை ஆகியவற்றை விசாரணைக்குழு அடுக்கடுக்காகக் கூறுகிறது. அது றமழான் நோன்புக் காலம். பாதிக்கப்பட்டவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களது சமய, பண்பாட்டுத் தேவைகள் கவனிக்கப்படவில்லை. பள்ளிவாசலும் தேவாலயங்களும் சமூக நிலையங்களுமே கதவைத் திறந்து, உணவளித்து, உறவினரைத் தேடி வந்தோருக்கு முகம் கொடுத்தன.

மற்றைய சபைகள் உதவ ஆயத்தமாக இருந்தன. லண்டன் முழுவதற்குமான 'தங்கம்' ஏற்பாடு இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட சபை இணங்கினால் அன்றி அதன் பொறுப்பை எவரும் எடுத்துக்கொள்ள இயலாது. அச்சபையின் பிரதம நிறைவேற்று அதிகாரி அனுபவசாலிகளின் ஆலோசனையை ஏற்கத் தயங்கினார் என்றும், சபையின் நற்பெயர் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட்டார் என்றும் விசாரணைக்குழு கண்டது. ஜூன் 16 ஆம் திகதியே சிட்டி நகரச் செயலாளர் ஜோன் பராடெல் தலைமையில் வேறு சபைகளின் அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மிகவும் அவசியமான முதல் இரண்டு நாட்கள் அதற்குள் கடந்துவிட்டன.

1666இல் நகரபிதா நட்டஈட்டுக்கு அஞ்சித் தயங்கினார். 1940இல் சபைகள் சோலைவரியை எண்ணித் தயங்கின. 2017இல் தயக்கத்தின் காரணம் நற்பெயர். மூன்று தடவையும் கையில் இருந்தது சட்டபூர்வமான அதிகாரமே. அதை உரிய நேரத்தில் இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளும் முறைதான் இருக்கவில்லை.

உள்ளூராட்சியை ஒழித்து எல்லாவற்றையும் மத்தியில் குவிப்பதே பரிகாரம் என்று சிலர் கூறுவர். வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. வில்லிங்க் வெற்றி கண்டது சபைகளை விலக்கியதனால் அன்று, அவற்றின் கணக்குகளை ஒன்றாக்கியதனால். வீதியையும் வீட்டையும் அதில் வாழும் மனிதரையும் அறிந்தவர்கள் உள்ளூர் மக்களும் உள்ளூர் அலுவலர்களுமே. கிரென்ஃபெல் விசாரணைக்குழுவும் அளவோடுதான் பரிந்துரைத்துள்ளது. கடமையைச் செய்ய இயலாது போன அமைப்பின் பணிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அமைச்சர் ஒருவர் ஏற்று நடத்தும் வகையில் 2004 ஆம் ஆண்டின் சட்டத்தை மீளாய்வு செய்யவேண்டும் என்றும், உள்ளூர்த் தொண்டு அமைப்புகளை அனர்த்தத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்க்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. பரிந்துரைகள் அனைத்தையும், சிலவற்றைக் கொள்கையளவில், ஏற்பதாகப் பிரித்தானிய அரசாங்கம் 2025 பெப்ரவரியில் அறிவித்தது.

இதில் இரண்டாவது பரிந்துரை லண்டன் வாழ் தமிழர்களுக்கும் உரியது. ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் தமிழ்க் கோயில்களுக்கு மண்டபங்கள் இருக்கின்றன. பெருந்தொகையானோருக்குச் சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கின்றனர். ஆங்கிலம் பேசாத முதியவர் எந்த வீட்டில் தனியே வசிக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பரோ சபையிலும் அனர்த்தத் திட்டமிடலுக்குப் பொறுப்பான அலுவலர் இருக்கிறார். கோயில் நிர்வாக சபைகளும் தமிழ்ப் பாடசாலைகளும் அவரைச் சந்தித்துத் தமது மண்டபத்தின் முகவரியையும் திறப்பு யாரிடம் உண்டு என்பதையும் பதிவு செய்து வைப்பது பெரிய காரியமன்று. அதை அனர்த்தம் நேர்ந்த பின்னர் செய்ய முடியாது.